மஞ்சள் கடுதாசியும் கடைசிப் பந்தியும்

1

2021 ஜூன் 7, திங்கட்கிழமை. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. திவாலாகிக் கிடந்த டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியை பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ளும் திட்டம் அது. மதிப்பு சுமார் 34,250 கோடி ரூபாய். வங்கிகளுக்கு எவ்வளவு, டெபாசிட் போட்டவர்களுக்கு எவ்வளவு என்று அதில் கணக்கு இருந்தது. பங்குதாரர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது: பூஜ்ஜியம்.

மறுநாள் காலை சந்தை திறந்தது. டி.எச்.எஃப்.எல். பங்கு அப்பர் சர்க்யூட். அதாவது, அன்றைக்கு எவ்வளவு ஏற அனுமதி உண்டோ அவ்வளவும் ஏறிவிட்டது. பங்கு செல்லாக்காசு ஆகப்போகிறது என்று ஒரு நீதிமன்றம் முத்திரை குத்திய மறுநாள், அதை வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஜூன் 14ஆம் தேதி வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அன்றைக்குக் கையில் வைத்திருந்தவர்களின் டீமேட் கணக்கில் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

வாங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் செய்த பிழை என்னவோ புரிந்துகொள்ளக் கூடியதுதான். 'பிரமல் மாதிரி பெரிய கை வாங்கிட்டாங்க, இனிமே ஏறும்' என்று நினைத்தார்கள். கம்பெனி பிழைத்துவிட்டது என்பது சரிதான். கம்பெனி பிழைப்பது வேறு, அதன் பழைய பங்கு பிழைப்பது வேறு என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் மறுபக்கம் இருந்தவர்கள் மீது. ஒவ்வொரு பங்கும் கைமாற, விற்பவர் ஒருவர் வேண்டும். அந்த வாரம் விற்றவர்களில் பலருக்கு உத்தரவின் பொருள் தெரிந்திருக்கும். பூஜ்ஜியமாகப் போகிற ஒன்றை, அது தெரியாத ஒருவர் தலையில் கட்டினார்கள். சட்டத்தில் இதற்குத் தடையில்லை. நியாயத்தில்?

2

எங்கள் பக்கம் 'திவால்' என்ற சொல்லைப் பேச்சில் அதிகம் கேட்க முடியாது. 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்' என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 'ஐ.பி. குடுத்துட்டான்' என்பார்கள். எங்கள் பக்கம் என்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு ஊரில் பஞ்சும் மில்லும், இன்னொரு ஊரில் ஆண்டாளும் பால்கோவாவும். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அதனால் சொத்துத் தகராறு, ஜாமீன், மஞ்சள் கடுதாசி எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டார ஜனம் அங்கேதான் பஸ் ஏறும்.

தனிமனிதர்களின் மஞ்சள் கடுதாசிக்கு அடிப்படை 1920ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தால் போதும், மனுப் போடலாம் என்று அந்தக் காலத்துத் தொகையை வைத்து எழுதிய சட்டம். மனுவில் கடன்காரர்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகும். நோட்டீஸ் போனால் ஊருக்கே தெரியும். மனுப் போட்டவர் அதற்குப் பிறகு பஜார் வழியாக நடக்க மாட்டார். ஆடிப்பூரத்துக்கு ஊரே தேர் வடம் பிடிக்கும்போது அவர் வீட்டு வாசல் மட்டும் சாத்தியிருக்கும். கடனை நீதிமன்றம் மன்னித்தாலும் ஊர் மன்னிக்கப் பத்து வருஷம் ஆகும்.

இதில் கொடுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. யார் திவால், யாருக்கு நஷ்டம் என்பது முகத்தோடு தெரிந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவரின் கடையில் போய் அவருக்கே கடன் கொடுக்க யாரும் நிற்க மாட்டார்கள்.

கம்பெனிக்கு முகம் இல்லை. கம்பெனி திவாலானால் மனு சென்னையில் உள்ள தீர்ப்பாய அமர்வுக்குப் போகும். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் அங்கே ஆள்கிறது. மனு ஏற்கப்பட்டதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் முடக்கப்படும். நிர்வாகம் ஒரு தீர்வு அதிகாரியின் கைக்குப் போகும். கம்பெனி மீது யாரும் புதிதாக வழக்குப் போடவோ, இருக்கும் சொத்தைத் தூக்கவோ முடியாது. கடன் கொடுத்தவர்களின் குழு ஒன்று உட்கார்ந்து, வாங்க வருபவர்களின் திட்டங்களைப் பரிசீலிக்கும். 180 நாள், நீட்டித்தால் 270, வழக்குகளையும் சேர்த்து அதிகபட்சம் 330 நாள் என்பது சட்டத்தில் உள்ள கெடு. நடைமுறையில் வருஷக்கணக்கில் இழுக்கும்.

கம்பெனிக்குள் இத்தனையும் நின்றுபோகிறது. நிற்காமல் ஓடுவது ஒன்றே ஒன்று: பங்கு வர்த்தகம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. அந்த ஜூனில் திவால் நடைமுறைக்குள் போனது. 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்துவிடச் சொன்னது. நடுவில் ஐந்தரை வருஷம், தரையில் நின்ற விமானங்களின் பங்கு மட்டும் ஏறி இறங்கிப் பறந்துகொண்டிருந்தது.

3

பங்கு என்றால் என்ன என்று கேட்டால் 'கம்பெனியில் ஒரு பாகம்' என்போம். சந்தை நன்றாக இருக்கும் நாளில் அந்த விளக்கம் போதும். கம்பெனி விழும் நாளில்தான் அந்தப் பாகத்துக்கு உண்மையான அர்த்தம் தெரியும். அதற்குக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் நாம் உட்கார முடியாது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கடைசிப் பந்தி வீட்டுக்காரர்களுக்கு. பாயசம் தீர்ந்துபோயிருந்தால் 'பரவால்ல' என்று ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். மிச்சம் நிறைய இருந்தால் அதுவும் நமக்குத்தான்.

பங்குதாரர் என்பவர் அந்த வீட்டுக்காரர். லாபம் எவ்வளவு மிஞ்சினாலும் அவருக்கு; ஆனால் மிஞ்சினால்தான். திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு இந்தப் பந்தி வரிசையை எழுத்தில் வைத்திருக்கிறது. முதலில் திவால் நடைமுறைக்கான செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கியும், அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களும் சம வரிசையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். பிறகு அரசாங்கத்துக்கு வர வேண்டியது. பிறகு மீதிக் கடன்கள். பிறகு முன்னுரிமைப் பங்குதாரர்கள். எட்டாவதாக, கடைசியாக, நானும் நீங்களும் செயலியில் வாங்கும் சாதாரணப் பங்கு. எங்கள் தொழிலில் இதை பிரையாரிட்டி க்யூ என்போம். முன்னால் இருப்பவருக்கு முழுசாகப் போகாமல் பின்னால் இருப்பவருக்கு ஒரு பைசா நகராது. வங்கிகளே பாதிப் பணத்தை விட்டுக்கொடுக்கும் இடத்தில் எட்டாவது வரிசைக்கு என்ன வரும் என்று கணக்குப் போடக் கால்குலேட்டர் தேவையில்லை.

கம்பெனியைக் கலைக்காமல் இன்னொருவர் எடுத்து நடத்தினாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 'கலைத்திருந்தால் உனக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைத் தருகிறேன்' என்பார் வாங்குபவர். கிடைத்திருக்கக் கூடியது பூஜ்ஜியம், தருவதும் பூஜ்ஜியம். பழைய பங்கு மூலதனம் ரத்தாகும், புதியவருக்குப் புதுப் பங்கு அச்சாகும்.

இதையும் பட்டியல் நீக்கத்தையும் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சந்தை பாஷையில் டீலிஸ்டிங். நன்றாக ஓடும் கம்பெனியின் முதலாளி, 'சந்தையே வேண்டாம், எல்லாப் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்வதும் டீலிஸ்டிங்தான். அங்கே என்ன விலைக்குக் கொடுப்போம் என்று பங்குதாரர்களே கேட்கும் முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முறுக்கிக்கொள்ளலாம். திவால் வழியாக வரும் டீலிஸ்டிங்குக்கு அந்த விதிகளிலிருந்து செபி விலக்குக் கொடுத்திருக்கிறது. சும்மா பட்டியலிலிருந்து நீங்கினால் பங்கு சாகாது, விற்க இடம்தான் இல்லாமல் போகும். 2015இல் சென்னைப் பங்குச்சந்தையே மூடப்பட்டபோது, அங்கே மட்டும் பட்டியலிட்டிருந்த கம்பெனிகளின் பங்குகளுக்கு அந்தக் கதிதான். அலமாரியில் தாத்தாவின் பங்குப் பத்திரம் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. சந்தை மூடுவது ஒன்று, சரக்கே இல்லாமல் போவது ஒன்று. திவாலில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

4

இந்தப் பூஜ்ஜியம் அநியாயமா? அப்படித் தோன்றும்போதெல்லாம் நான் 1906 அக்டோபரை நினைத்துக்கொள்வேன். ஒரே வாரத்தில் இந்த மாகாணத்தில் இரண்டு காரியம் நடந்தது. அக்டோபர் 16ஆம் தேதி வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் வங்கி கதவைச் சாத்தியது.

ஆர்பத்நாட் கூட்டு வியாபாரம். பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. வங்கி கொடுக்க வேண்டியதற்கு அவர்களுடைய சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் திவாலானார், 18 மாதம் கடுங்காவல் தண்டனையும் பெற்றார். பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படியும் பரிதவித்தன. அந்த ஆத்திரத்தில்தான் மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது.

சுதேசிக் கம்பெனி வேறு ஜாதி. அதில் 25 ரூபாய் போட்டவருக்குப் போகக் கூடியது அதிகபட்சம் அந்த 25 ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஊர்கள். ராமநாதபுரம் ஜில்லா உருவானதே 1910இல்தான். கப்பலையே பார்த்திராத ஒரு கரிசல் காட்டு விவசாயியும் கப்பல் கம்பெனியில் சேர முடிந்தது என்றால், கப்பல் மூழ்கினாலும் தன் காடு மூழ்காது என்ற உறுதி இருந்ததால்தான். கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல்கள் இல்லை. பங்குப் பணம் போட்டவர்களுக்கு அது நஷ்டம். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்காரக் கடன்காரன் யாரும் வந்து நிற்கவில்லை.

அந்த வரம்பு இல்லாமல் ஊர்க்காசில் ஆலைகள் எழுந்திருக்காது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸின் பங்கு இன்றும் சந்தையில் கைமாறுகிறது. ஒரு தொழிற்சாலையின் அத்தனை ஆபத்தையும் தனிக் குடும்பம் ஒன்று தலையில் சுமக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டின் மீதுதான் இப்படிப்பட்ட கம்பெனிகள் எல்லாம் நிற்கின்றன. ஆக பூஜ்ஜியம் என்பது தண்டனை மட்டும் இல்லை, ஒரு தரையும்கூட. அதற்குக் கீழே விழ மாட்டாய் என்ற வாக்குறுதி. மஞ்சள் கடுதாசிக்காரருக்கு அந்தத் தரை கிடையாது. தரையை ஏற்றுக்கொண்டு முதல் போட்டவர், தரையில் விழுந்ததற்காக அழலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

5

ஆனால் வீட்டுக்காரர் கடைசியில் சாப்பிட வேண்டும் என்ற நியாயம், அவர் உண்மையிலேயே வீட்டுக்காரராக இருந்தால்தான் செல்லும். லட்சுமி விலாஸ் வங்கியின் கதையில் இந்த இடம் இடறுகிறது.

1926இல் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த வங்கி. தொண்ணூற்று நான்கு வருடம் ஓடியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மேல் திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாடுகள் போட்டது. அடுத்த மாதம் இந்தியாபுல்ஸோடு இணைக்கக் கேட்ட அனுமதியை மறுத்தது. 2020இல் கொடுத்த கடனில் ஏறக்குறைய கால்வாசி வாராக்கடனாக நின்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி நடந்த ஆண்டுக் கூட்டத்தில், தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். இந்தியக் கம்பெனிகளில் அபூர்வமாக நடக்கும் காரியம். வீட்டுக்காரர்கள் எழுந்து நின்று சமையல்காரரை வெளியே போகச் சொன்னார்கள்.

அதிலிருந்து 53 நாள். நவம்பர் 17 சாயங்காலம் வங்கி முடக்கப்பட்டது. கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அன்றைக்கே டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கும் வரைவுத் திட்டமும் வெளிவந்தது. டி.பி.எஸ். 2,500 கோடி மூலதனம் கொண்டுவரும். பழைய பங்கு மூலதனம் முழுக்க ரத்து. நவம்பர் 25 மத்திய அமைச்சரவை ஒப்புதல், 27 இணைப்பு. டெபாசிட்தாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்லக் கூடாது. 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் ரத்தாயின. பங்குதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ரத்து என்று வரைவில் எழுதப்பட்ட பிறகும் அந்த ஒரு வாரம் பங்கு கைமாறிக்கொண்டுதான் இருந்தது. சுமார் 15 ரூபாயில் இருந்த விலை பாதியானது. பூஜ்ஜியமாகவில்லை, பாதி. அந்தப் பாதி விலையிலும் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி விழுந்தபோது நடந்தது வேறு. அங்கே 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களை எழுதித் தள்ளினார்கள். அந்தப் பத்திரம் வைத்திருந்தவர்கள் பந்தியில் பங்குதாரர்களுக்கு முன்னால் இருந்தவர்கள். பங்கு ரத்தாகவில்லை; நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் முக்கால் பங்கை மூன்று வருஷம் விற்க முடியாமல் பூட்டினார்கள், அவ்வளவுதான். 2023இல் சுவிட்சர்லாந்தில் கிரெடிட் சுவிஸ் வங்கிக்கும் இதே மாதிரி: 1,600 கோடி பிராங்க் பத்திரங்கள் பூஜ்ஜியம், பங்குதாரர்களுக்கு 300 கோடி பிராங்க். ஒவ்வொன்றுக்கும் சட்டக் காரணங்கள் சொன்னார்கள். ஆனால் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாமானியனுக்குத் தெரிவது ஒன்றுதான்: அவசரம் வந்தால் பந்தியின் வரிசையை வேறு யாரோ மாற்றுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பல திவால்களில், கம்பெனியை நடத்திய பெரும் பங்குதாரர் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கவே இல்லை. சம்பளமாக, தன்னுடைய இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்த கடனாக, உறவினர் பெயரில் போட்ட ஒப்பந்தமாக, அடுக்களையிலேயே சாப்பிட்டு முடித்திருப்பார். காகிதத்தில் அவரும் பங்குதாரர், நாமும் பங்குதாரர், இரண்டு பேருக்கும் பூஜ்ஜியம். நஷ்டம் வரும்போது நம்மை 'உரிமையாளர்' என்கிறார்கள். முடிவெடுக்கும்போது நாம் வெளியாள். திவால் சட்டம் இதைத் துப்புத் துலக்க வழி வைத்திருக்கிறது. மோசடிப் பரிவர்த்தனைகளை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்குகள் முடிவதற்குள் சிறு பங்குதாரர் பெரும்பாலும் ஆட்டத்திலேயே இருக்க மாட்டார்.

6

இப்போது விற்பவரின் நியாயத்துக்கு வருகிறேன். எங்கள் மாமா ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். வெகுநாள் முன்னால் சேமிப்பில் ஒரு கம்பெனியின் பங்கு வாங்கினார். பெயர் வேண்டாம். ஒன்றேகால் லட்சத்துக்கு வாங்கியது, கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனபோது பதினோராயிரம் சொச்சத்தில் நின்றது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பதினோராயிரமும் காசுதான். தீர்வுத் திட்டத்தில் பங்குக்கு ஒன்றும் இருக்காது என்பது கம்பெனி சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பைப் படித்தால் தெரிந்தது. 'வித்துருங்க மாமா' என்றேன்.

'வித்தா யாரு மாப்ள வாங்குவான்?'

'யாரோ. அது தெரியாது.'

'ஒண்ணுமே இல்லாமப் போகும்னு தெரிஞ்சு வாங்குறானா, தெரியாம வாங்குறானா?'

'அறிவிப்பு பி.டி.எஃப்.ல இருக்கு மாமா. படிச்சிருக்கணும். படிக்காட்டி அவன் தப்பு.'

'டப்பாவுக்கு அடியில தேதி ஒட்டிட்டா நான் சொன்னதா ஆயிருமா? வெளிய வச்சா நாலஞ்சு நாள்தான் தாங்கும்னு வாயால சொல்லித்தான்டா கட்டிக் குடுக்கிறேன்.'

மாமா கேட்டது பழைய கேள்வி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சிசரோ, கடமைகள் பற்றிய நூலில் இதே சிக்கலை வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் குரு, சொல்லாமல் இருப்பது வேறு மறைப்பது வேறு, பொய் சொல்லாதவரை தப்பில்லை என்கிறார். அவர் சீடர் ஆன்டிபேட்டர், வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் என்கிறார். சிசரோ சீடர் பக்கம்.

ஆனால் மாமாவின் நிலைமை அந்த வியாபாரியின் நிலைமை இல்லை. அவருக்கு ரகசியம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்த அத்தனையும் பொதுவெளியில் கிடக்கிறது. சொல்ல நினைத்தாலும் யாரிடம் சொல்வார்? திரைக்கு மறுபக்கம் இருப்பவர் சூரத்தில் கல்லூரி மாணவராக இருக்கலாம், மும்பையில் அல்காரிதமாகவும் இருக்கலாம். தெரிந்தே சூதாட வந்தவராகவும் இருக்கலாம். அந்தச் சூதாடியும் எப்போதும் தோற்பதில்லை. 2020இல் அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்ற கார் வாடகைக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதன் பங்கு ஒரு டாலருக்குக் கீழே விழுந்து, சில நாட்களில் ஐந்து டாலரைத் தாண்டியது. உலகமே சிரித்தது. மறுவருடம் கம்பெனி மீண்டு வந்தபோது பழைய பங்குதாரர்களுக்கு நிஜமாகவே பணம் கிடைத்தது. சென்னையின் ஆர்க்கிட் ஃபார்மாவிலும் பழைய பங்கு மொத்தமாகச் சாகவில்லை. பழைய பொதுப் பங்குதாரர்களின் கையில் புதிய மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மிஞ்சியது. 2020 நவம்பரில் 18 ரூபாயில் மறுபடி வர்த்தகத்துக்கு வந்து, சில மாதங்களில் 2,000 ரூபாயைத் தாண்டியது. விற்க ஆளே இல்லாத பங்குக்கு விலை மட்டும் ஏறிய வினோதம் அது. இப்படி ஒன்றிரண்டு கதைகள்தான் மற்ற நூறு திவால் பங்குகளுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கின்றன.

ஆகவே என் முடிவு இது: பொதுவெளியில் உள்ள தகவலை வைத்து, வாயைத் திறக்காமல், சந்தை விலைக்கு விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மாமா விற்றிருக்கலாம். ஆனால் அவருடைய தயக்கத்தை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். விற்றால் நஷ்டம் மறைந்துவிடாது, இடம் மாறும். கடைசிப் பந்திக்கான டோக்கனை, அடுக்களை காலி என்று தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு நகர்கிறார். சட்டப்படி டோக்கன் செல்லும். அதை உணர்ந்து விற்பதற்கும், 'மார்க்கெட்டுன்னா அப்படித்தான்' என்று தோளைக் குலுக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. விற்கக் காத்திருந்துகொண்டே 'இது மல்ட்டிபேக்கர் ஆகும்' என்று வாட்ஸப் குழுவில் எழுதுகிறவர் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். அவர் மோசடிக்காரர்தான், அவருக்கு சிசரோவெல்லாம் தேவையில்லை.

மாமா விற்கவில்லை. பங்கு ரத்தானது. இதனால் அவர் உயர்ந்தவர், விற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பதினோராயிரத்துக்கு அவர் வேறு இடத்தில் கை நீட்ட வேண்டியிருந்தது. நேர்மையின் செலவு எப்போதும் சின்ன மனிதர்களின் பையிலிருந்தே போவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

7

திரைகள் செய்வது என் தொழில். அதனால் ஒன்றைத் தைரியமாகச் சொல்ல முடியும். ஒரு திரையில் எது பெரிதாகத் தெரிகிறது, எது மூன்று சொடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது தற்செயல் கிடையாது. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. பச்சை முக்கோணமும் 'வாங்கு' பொத்தானும் பெரிதாக இருக்கின்றன. கம்பெனி திவாலில் இருக்கிறது என்ற தகவல் ஏ.எஸ்.எம்., ஜி.எஸ்.எம். என்ற கண்காணிப்புக் குறியீடுகளாக எங்கோ ஒரு மூலையில் நிற்கிறது. சில செயலிகள் எச்சரிக்கைப் பெட்டி காட்டுகின்றன, அதிலும் சட்ட ஆங்கிலம். 'இந்தக் கம்பெனி திவாலில் இருக்கிறது. ஒப்புதலான திட்டத்தில் இந்தப் பங்குக்குக் கிடைக்கப்போவது பூஜ்ஜியம்' என்று தமிழில், இந்தியில், தெலுங்கில் ஒரு வரி போடுவதற்கு அரை நாள் வேலைகூட ஆகாது.

விற்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. வாங்குபவருக்கு விற்பவரைத் தெரியாது. இரண்டு பேரையும் பார்க்கக் கூடிய இடத்தில் சந்தையும் தரகுச் செயலியும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் கட்டணம் வாங்குகின்றன. ஒப்புதல் வந்த அன்றே வர்த்தகத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள இடமும் அங்கேதான். முகமில்லாத சந்தையில் விற்பவரால் செய்ய முடியாத ஒன்றை, அதாவது வாய் திறந்து சொல்வதை, செய்யக் கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். எனவே கடமையும் பெரும்பகுதி அவர்களுடையது. முடியாதவன் மேல் கடமையைச் சுமத்தி, முடிந்தவனை விட்டுவிடுவது நீதி ஆகாது.

ஊரடங்குக் காலத்தில் டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இரண்டு ரூபாய்ப் பங்கு கண்ணில் படும்போது, 'இரண்டு ரூபாய்தானே, இன்னும் எங்கே விழும்' என்று தோன்றும். பூஜ்ஜியத்துக்கு விழும். நூறு ரூபாயிலிருந்து விழுந்தாலும் இரண்டு ரூபாயிலிருந்து விழுந்தாலும் போட்ட பணத்தில் போவது நூறு சதவீதம்தான். கம்பெனியைக் காப்பாற்ற யாரோ பெரியவர் வருகிறார் என்ற செய்தியைப் படித்தால், எட்டாவது வரிசைக்கு அவர் என்ன கொண்டுவருகிறார் என்று தேடுங்கள். அறிவிப்பில் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் எங்காவது அது எழுதியிருக்கும்.

கடைசிப் பந்தியில் உட்காருவதில் அவமானம் ஏதும் இல்லை. வீட்டுக்காரராக இருப்பதற்கு அதுதான் விலை. அடுக்களையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பால்கோவாக் கடையில் தினமும் நடக்கிற காரியம் இது. பங்குச்சந்தையால் முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.